செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் வருதில்லை: பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

திருகோணமலைப் பக்கம் பழைய போர் வீல் வண்டிகள் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. மூதூர், வெருகல் வயல்களுக்குப் போகும் மிட்சுபிஷி ஜீப்புகள், குச்சவெளிக் கரையில் தோணி இழுக்கும் லாண்ட் ரோவர்கள், நகருக்குள் ஓடும் சுசுகி எஸ்ஜே410, பஜேரோ, ஹைலக்ஸ் என்று பலதும் கண்ணில் படும். ஐப்பசி மழை பிடித்தால் இவற்றின் சொந்தக்காரர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகம்தான். அதன் கிளைக் கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே கீழே சேர்த்திருக்கிறேன்.

சாமான் வாங்கப் போகுமுன் எஞ்சினுக்கு எது கிடைக்கவில்லை என்று கண்டுபிடியுங்கள். பற்றரி, கொயில், பம்ப் என்று வரிசையாக மாற்றிய பிறகு, கறள் பிடித்த ஒரு வயர் முனைதான் காரணம் என்று தெரியவந்த வண்டிகள் நிறைய. உழைத்த காசு அப்படிப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதைத் தொகுத்தேன். கீழே சொல்லும் சோதனைகளுக்கு ஒரு டெஸ்டர் பல்ப், மலிவான மல்ட்டி மீட்டர், நாலைந்து ஸ்பேனர், வெள்ளைப் போத்தல், ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் இருந்தால் போதும்.

அண்ணா, செல்ஃப் நல்லா அடிக்குது, ஆனா எஞ்சின் பிடிக்குதில்லை. முதல்ல என்னத்தைப் பாக்க?

பெற்றோலா டீசலா என்பதிலிருந்து தொடங்குங்கள். பெற்றோல் எஞ்சினுக்கு மூன்று வேண்டும்: சரியான நேரத்தில் பிளக்கில் கரண்ட், பெற்றோல், சிலிண்டரில் கொம்பிரஷன் என்ற அமுக்கம். டீசலில் பிளக் கரண்டே இல்லை. பழைய ஜப்பான் டீசல்களில் பிஸ்டன் காற்றைக் கிட்டத்தட்ட இருபது மடங்கு அமுக்குகிறது. அந்தச் சூட்டில் இன்ஜெக்டர் சீறும் டீசல் தானாகப் பற்றுகிறது. ஆகவே டீசலுக்கு வேண்டியவை காற்றுக் கலக்காத டீசல், போதிய வேகத்தில் சுற்றும் எஞ்சின், சூடு.

பொனட்டைத் திறக்குமுன் சில விசயங்களைப் பார்த்துவிடுங்கள். பழைய வண்டியின் எண்ணெய் மீட்டரை நம்பாமல் தாங்கிக்குள் குச்சி விட்டுப் பாருங்கள். இழுத்து நிறுத்தும் ஸ்டொப் கேபிள் உள்ள டீசல் என்றால் அது முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். களவுக்குப் பயந்து முந்திய சொந்தக்காரர் சீற்றுக்கு அடியில் சுவிட்ச் ஏதும் வைத்திருக்கிறாரா என்றும் தேடுங்கள். செல்ஃபை ஒரு தரத்தில் 10 செக்கனுக்கு மேல் அடிக்காதீர்கள். அடுத்த தரத்துக்கு முன் ஒரு நிமிடமாவது விடுங்கள். தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டர் எரியும், பற்றரியும் இறங்கும். பிறகு இரண்டு பழுதை வைத்துக்கொண்டு ஒன்றைத் தேட வேண்டிவரும்.

செல்ஃப் அடிக்குதெண்டா பற்றரி நல்லம் எண்டுதானே அர்த்தம்?

இல்லை. செல்ஃப் சுற்றுவதற்குப் போதுமான பற்றரி எஞ்சின் பிடிப்பதற்குப் போதாமல் இருக்கலாம். முழுச் சார்ஜில் உள்ள 12 வோல்ட் பற்றரி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு பற்றரி முனையிலேயே மீட்டரைப் பிடியுங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரியையோ செல்ஃப் மோட்டரையோ சந்தேகப்பட வேண்டும். பெற்றோல் வண்டியில் வோல்ட் விழுந்தால் கொயிலுக்குப் போகும் கரண்ட் மெலியும். டீசலில் வேகம் குறைந்தால் அமுக்கிய காற்றின் சூடு சிலிண்டர் சுவரில் போய்விடும். நிமிடத்துக்கு 150 சுற்றுக்குக் கீழே இறங்கிய பழைய டீசல் பிடிப்பது மிகவும் கடினம்.

சில ஜப்பான் டீசல்கள் 24 வோல்ட். இரண்டு பற்றரி தொடராக இணைத்திருக்கும். இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்று போனால் மற்றதும் சேர்ந்து சோர்ந்ததுபோல் தெரியும்.

பற்றரி புதுசு, ஆனாலும் மெதுவாச் சுத்துது. எர்த் வயர் எண்டு ஒருத்தர் சொன்னார். அதை எப்பிடிச் சோதிக்க?

அவர் சொன்னது சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உப்புக்காற்று நம் ஊரில் முதலில் தின்பது செம்பும் இரும்பும் சேரும் இடங்களை. நிலாவெளி, உப்புவெளியில் கடலோரம் நிற்கும் வண்டியின் எர்த் பட்டி மேலே பார்க்க நன்றாக இருக்கும். போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைப் பூச்சாகக் கிடக்கும்.

மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் குமிழிலும் மறுமுனையை எஞ்சின் புளொக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது. மீட்டர் இல்லையென்றால் ஜம்பர் கேபிள் ஒன்றை நெகட்டிவிலிருந்து நேரே எஞ்சினுக்குப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் உடனே வேகம் பிடித்தால் அதுவேதான். இரு பக்கத்தையும் சுரண்டிப் பளபளப்பாக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசிவிடுங்கள்.

என்ட டீசல் ஜீப் சைலன்சரால புகையே விடுதில்லை. தம்பியிட வண்டி வெள்ளையா விடுது, அதுவும் ஸ்டார்ட் இல்லை. ரெண்டும் ஒரே வருத்தமா?

இல்லை. டீசலில் நான் முதலில் பார்ப்பதே இந்தப் புகையைத்தான். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரால் வெள்ளை அல்லது சாம்பல் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் பற்றவில்லை. குறைவது சூடு அல்லது கொம்பிரஷன். ஹீட்டர் பிளக், செல்ஃபின் வேகம், தேய்ந்த ரிங், கலைந்த பம்ப் டைமிங் என்ற வழியில் தேட வேண்டும்.

புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. தாங்கி, குழாய், பில்டர், ஸ்டொப் சொலனொய்ட், பம்ப் என்ற வழி அது. உறுதிப்படுத்த ஒரு இன்ஜெக்டரின் குழாய் நட்டை ஒரு சுற்று இளக்கி, துணி சுற்றிச் செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டு டீசல் கசிந்தால் பம்ப் அனுப்புகிறது. கையை அதற்கு நேரே வைக்காதீர்கள். இன்ஜெக்டர் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது ஆஸ்பத்திரிக் காயம். இந்த ஒரு சோதனையால் உங்கள் தேடல் பாதியாகக் குறையும். தம்பிக்கு ஹீட்டர் பிளக் பற்றிய பதிலைப் பாருங்கள், உங்களுக்கு அடுத்த கேள்வி.

எயார் பிடிச்சிருக்கு எண்டுறாங்கள். அதை எப்பிடி வெளியால எடுக்கிறது?

டீசல் அமுங்காது, காற்று அமுங்கும். பம்புக்குள் காற்று இருந்தால் பம்ப் அதை அமுக்கிக்கொண்டே இருக்கும், இன்ஜெக்டர் திறப்பதற்கான அழுத்தம் வராது. தாங்கி வற்ற ஓடினாலும் பில்டர் மாற்றினாலும் இது நடக்கும்.

பில்டரின் மேல் உள்ள எயார் நட்டை இளக்கி, கைப்பம்பை அடியுங்கள். ஹைலக்ஸ், பஜேரோ போன்றவற்றில் கைப்பம்ப் பில்டர் தலையிலேயே இருக்கும். பழைய லாண்ட் ரோவரில் எஞ்சின் பக்கத்து டீசல் பம்பில் சிறிய கைப்பிடி ஒன்று உண்டு. நுரை போய்த் தெளிந்த டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள். பிறகு இன்ஜெக்டர் பம்பிலும் எயார் நட் இருந்தால் அதையும் அப்படியே செய்யுங்கள். கடைசியில் இரண்டு இன்ஜெக்டர்களின் குழாய் நட்டை இளக்கிச் செல்ஃப் அடியுங்கள். டீசல் வந்ததும் இறுக்குங்கள், எஞ்சின் தடுமாறிப் பிடித்துக்கொள்ளும்.

லாண்ட் ரோவர்காரர் பலர் "கைப்பிடி லூசா ஆடுது, பம்ப் போச்சு" என்று வருவார்கள். கேம் அந்த நேரம் பம்பின் கோலைத் தூக்கி வைத்திருந்தால் கைப்பிடியில் பிடிப்பே இருக்காது. எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப அடியுங்கள். பிடிப்பு வந்தால் பம்ப் நல்லது.

எயார் எடுத்தா ஸ்டார்ட் வருது. விடியக் காலமை பாத்தா திரும்ப அதே கதை. ஏன்?

எங்கோ ஒரு இடத்தால் காற்று உள்ளே போகிறது, இரவில் டீசல் தாங்கிக்கு இறங்கிவிடுகிறது. தாங்கியிலிருந்து பம்ப் வரை உள்ள குழாயில் டீசலை இழுப்புத்தான் கொண்டுவருகிறது. ஆகவே அங்கே ஓட்டை இருந்தாலும் வெளியே சொட்டாது. "ஒழுக்கு எங்கயும் இல்லை" என்று சொல்வதை இதனால் ஏற்க முடியாது.

பில்டருக்கும் பம்புக்கும் இடையே கண்ணாடி ஹோஸைப் போட்டு எஞ்சினை ஓட விடுங்கள். குமிழி ஓடினால் தேட வேண்டிய இடங்கள் இவை: வெடித்த ரப்பர் ஹோஸ், பில்டரின் ரப்பர் வளையம், கைப்பம்பின் டயபிராம், குழாய் போல்ட்டுகளின் செம்பு வாசர். செம்பு வாசரைத் திரும்பப் போடாதீர்கள், ஒவ்வொரு தரமும் புதிதாகப் போடுங்கள். எலி கடித்த ஹோஸையும் மறக்க வேண்டாம்.

இன்னும் தெளிவாக அறிய ஒரு கானில் சுத்தமான டீசலை நிரப்பிப் பம்பைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேரே பம்புக்குக் குழாய் கொடுங்கள். அப்படியே ஒரு இரவு விட்டுக் காலையில் உடனே ஸ்டார்ட் ஆனால் பழுது நீங்கள் கழற்றிவிட்ட தாங்கி, குழாய், பில்டர் பகுதியில்தான் இருக்கிறது. பம்பைத் தொட வேண்டாம். கடைசிக் கேள்வியில் இந்தக் கான் சோதனையைத் திரும்பச் சொல்வேன்.

பம்பில ஒத்தை வயர் ஒண்டு போகுது. அது என்னத்துக்கு?

அதுதான் ஸ்டொப் சொலனொய்ட். பஜேரோவின் 4டி56, ஹைலக்ஸின் 2எல், லாண்ட் ரோவரின் 200டிடிஐ, 300டிடிஐ என்ற டீசல் எஞ்சின்கள் எல்லாவற்றிலும் உண்டு. திறப்பை ஓனில் வைத்தால் அதற்கு 12 வோல்ட் வரும், உள்ளே உள்ள சிறு கோல் மேலே இழுபட்டு டீசலுக்கு வழி விடும். கரண்ட் வராவிட்டால் எஞ்சின் எவ்வளவு சுற்றினாலும் ஒரு சொட்டுப் போகாது.

திறப்பை ஓனில் வைத்து அந்த வயரைக் கழற்றிக் கழற்றித் தொடுங்கள். "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் டெஸ்டர் பல்பை வயரில் பிடியுங்கள். பல்ப் எரியவில்லை என்றால் பியூஸ், திறப்புச் சுவிட்ச், இடையில் யாரோ பூட்டிய அலாம் ஆகியவற்றைப் பாருங்கள். பல்ப் எரிந்தும் சத்தமில்லை என்றால் சொலனொய்ட் போய்விட்டது. நடுவழியில் நின்றால் சொலனொய்டைக் கழற்றி உள்ளே உள்ள கோலையும் சுருளையும் எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டினால் வண்டி ஓடும். ஆனால் அதன்பின் திறப்பால் எஞ்சினை நிறுத்த முடியாது. பிரேக்கை மிதித்து, கியரில் கிளச்சை விட்டுத்தான் அணைக்க வேண்டும். அது வீடு வந்துசேர மட்டும்.

எங்கட ஊர் வெக்கைக்கு ஹீட்டர் பிளக் என்னத்துக்கு?

4டி56, 2எல், பழைய லாண்ட் ரோவர் டீசல் போன்றவை டீசலை ஒரு சிறு அறைக்குள் சீறி அங்கிருந்து சிலிண்டருக்கு அனுப்புபவை. அந்த அறைச் சுவர் குளிராக இருந்தால் சூடு போய்விடும். அதனால் அவற்றுக்கு ஹீட்டர் வேண்டும். நேரே சிலிண்டருக்குள் சீறும் 200டிடிஐ, 300டிடிஐ நம் வெயிலுக்கு ஹீட்டரே இல்லாமல் பிடிக்கும்.

ஆனாலும் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. 30 பாகை வெக்கையில் நல்ல எஞ்சின் ஒரு ஹீட்டர் பிளக் போனாலும் கொஞ்சம் புகைத்து ஸ்டார்ட் ஆகிவிடும். நாலும் நல்ல நிலையில் இருந்தும் நீண்ட நேரம் சூடேற்றினால்தான் பிடிக்கிறது என்றால் கொம்பிரஷனை அளக்கும் நேரம் வந்துவிட்டது.

சோதிக்க, பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி ஒவ்வொன்றின் தலைக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓம் பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் அளவில் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். எதுவும் காட்டாதது செத்தது. பழைய சீரீஸ் லாண்ட் ரோவரில் பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்தவை. அதில் ஒன்று போனால் நாலும் சூடாகாது.

சுசுகி எஸ்ஜே410. பெற்றோல். கரண்ட் வருதோ எண்டு பாக்கிறது எப்பிடி?

ஒரு பிளக்கைக் கழற்றி, வயரைத் திரும்ப அதில் சொருகி, பிளக்கின் இரும்பு உடலை எஞ்சினில் தொட வையுங்கள். கையால் பிடிக்காமல் பிளாஸ்டிக் பிடி போட்ட குறட்டால் பிடியுங்கள். பெற்றோல் ஈரமோ மணமோ பக்கத்தில் இருக்கக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது நீலமாக, "சட் சட்" என்ற சத்தத்தோடு பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால் திறந்த வெளியில் பாய்ந்தாலும் சிலிண்டரின் அழுத்தத்துக்குள் பாயாது. அதைக் கரண்ட் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் வருதில்லை. கொயிலா, பொயின்டா?

டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து செல்ஃப் அடித்து ரோட்டர் சுழல்கிறதா என்று முதலில் பாருங்கள். சுழலவில்லை என்றால் கீழே வரும் டைமிங் பெல்ட் கேள்விக்குப் போங்கள்.

சுழன்றால் டெஸ்டர் பல்பின் ஒரு முனையைக் கொயிலின் நெகட்டிவிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்து, திறப்பைப் போட்டுச் செல்ஃப் அடியுங்கள். பல்ப் மினுங்கி மினுங்கி எரிந்தால் பொயின்ட், அதாவது கொயிலின் கரண்டை விட்டுவிட்டு அறுக்கும் முனை, வேலை செய்கிறது. அப்போது கொயிலின் பெரிய வயர், மூடி, ரோட்டர், கொண்டென்சர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அணையாமல் எரிந்தால் பொயின்ட் மூடவில்லை அல்லது முகம் கறுத்துவிட்டது. மெல்லிய எமரித் தாளால் உரசி இடைவெளியைச் சரிசெய்யுங்கள். லாண்ட் ரோவர் 2.25 லீட்டருக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. உங்கள் வண்டிக்கு அதன் கைநூல் சொல்லும் அளவை வையுங்கள். பல்ப் எரியவே இல்லை என்றால் கொயிலின் பொசிட்டிவுக்கு கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். அங்கே வந்தும் நெகட்டிவில் இல்லையென்றால் கொயில் உள்ளே அறுந்திருக்கலாம், அல்லது பொயின்ட் திறக்காமல் எர்த்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பொயின்ட் வயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் எது என்று தெரியும்.

கடலோரத்து வண்டிகளில் மூடிக்குள் உப்புப் படிந்து, காலைப் பனியில் அது ஈரமாகிக் கரண்ட் வழிமாறி ஓடும். மூடியை நல்ல தண்ணீரில் கழுவி நன்கு காயவிட்டுப் போடுங்கள். வெறுமனே துடைத்தால் உப்பு அங்கேயே இருக்கும். உள்ளே முடி போன்ற கறுப்புக் கோடு விழுந்திருந்தால் அந்த மூடி இனி உதவாது.

கரண்ட் நீலமா வருது, ஆனா ஸ்டார்ட் இல்லை. இப்ப?

கழற்றிய பிளக்கின் நுனியைப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. கொயில் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, காபரேற்றருக்கு வரும் ஹோஸைப் போத்தலுக்குள் விட்டுச் செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டுப் பலமாகப் பாய வேண்டும். வராவிட்டால் பம்பின் டயபிராம், பில்டர், தாங்கிக் குழாய். தாங்கி மூடியைத் திறந்ததும் வந்தால் மூடியின் காற்றோட்டத் துளை அடைபட்டிருக்கிறது. குளவி மண் வைத்து அடைத்ததையும் கண்டிருக்கிறேன். பெற்றோல் பாய்ந்தும் பிளக் காய்ந்திருந்தால் காபரேற்றரின் மிதவை ஊசி ஒட்டிக்கொண்டது அல்லது ஜெட் அடைத்தது.

பிளக் நனைந்திருந்தால் அளவுக்கு மேல் போய்விட்டது. பிளக்குகளைத் துடைத்துப் போட்டு, சோக்கை விட்டு, அக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து அசையாமல் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். அக்ஸிலேட்டரை அடித்து அடித்துப் பம்ப் பண்ணினால் இன்னும் நனையும்.

தட்டுப்பாட்டு நேரம் வாங்கி வச்ச பெற்றோலை ஊத்தினன். அதாலயா இருக்கும்?

2022 தட்டுப்பாட்டில் கானிலும் பரலிலும் சேர்த்த எண்ணெய் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை வண்டிக்கு ஊற்ற வேண்டாம். பெற்றோலில் எளிதில் பற்றும் பகுதி முதலில் ஆவியாகப் போய்விடும். எஞ்சுவது வார்னிஷ் மணத்தோடு ஜெட்டுகளில் பசையாகப் படியும். தாங்கி முழுவதையும் இறக்கி, மிதவைக் கிண்ணத்தைக் கழுவுங்கள். மண்ணெண்ணெய் கலந்ததென்ற சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டை உள்ளங்கையில் தேயுங்கள். பெற்றோல் குளிர்ந்து பறந்துவிடும், மண்ணெண்ணெய் வழுக்கலாக நிற்கும்.

டீசலுக்கு எதிரி தண்ணீர். அரைத் தாங்கியோடு மாரியில் நின்ற வண்டியில் தாங்கிச் சுவரிலேயே நீர் வியர்க்கும். பில்டரின் அடித் திருகைத் திறந்து வெள்ளைப் போத்தலில் பிடித்துக் கொஞ்ச நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தங்கும். கறுத்த சளிபோல ஏதும் வந்தால் தாங்கியையே கழுவ வேண்டும்.

திறப்பைப் பிடிச்சிருக்கும்வரை வெடிக்குது, விட்ட உடனே நிக்குது. இது என்ன கோதாரி?

கேட்டவுடன் காரணத்தைச் சொல்லக்கூடிய பழுது இது. பல பெற்றோல் வண்டிகளில் ஓடும்போது கொயிலுக்குக் கரண்ட் ஒரு தடை வழியாகக் குறைந்து போகும். செல்ஃப் அடிக்கும் நேரம் மட்டும் அந்தத் தடையைத் தாண்டி முழு வோல்ட்டும் நேரே போகும். தடை அறுந்தால், அல்லது திறப்புச் சுவிட்சின் ஓன் முனை தேய்ந்தால், விட்டவுடன் கொயில் செத்துவிடும். பற்றரி பொசிட்டிவிலிருந்து கொயில் பொசிட்டிவுக்குத் தற்காலிகமாக ஒரு வயர் கொடுத்துப் பாருங்கள். தொடர்ந்து ஓடினால் அதுதான். அந்த வயரோடு நெடுநேரம் ஓட்டாதீர்கள், கொயில் கொதிக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. செல்ஃப் அடிக்கும்வரை ஒன்றுமில்லை, திறப்பை விடும் அந்த நொடியில் ஒரு வெடி வெடித்துப் பிடிக்கப் பார்க்கும். அப்போது செல்ஃப் நேரத்தில் கொயிலுக்குக் கரண்ட் போகவில்லை. தாண்டிப் போகும் அந்த வயரையும், அதற்கு முன் இரண்டாவது கேள்வியில் சொன்ன வோல்ட் வீழ்ச்சியையும் பாருங்கள்.

நானா, வெள்ளத்துக்குள்ள இறங்கி நடுவில நிண்டிட்டுது. திரும்ப அடிச்சுப் பாக்கவா?

அடிக்க வேண்டாம். காற்று பில்டரைத் திறந்து கையை விடுங்கள். உள்ளே நனைந்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீர் அமுங்காது. செல்ஃப் அடித்தால் கொனெக்டிங் ரொட் வளையும். டீசலில் சிலிண்டர் இடம் மிகச் சிறியதாகையால் சொற்பத் தண்ணீரே போதும்.

வண்டியை நியூட்ரலில் இழுத்து மேட்டுக்குக் கொண்டுவாருங்கள். பெற்றோல் என்றால் எல்லாப் பிளக்கையும், டீசல் என்றால் ஹீட்டர் பிளக் அல்லது இன்ஜெக்டர்களையும் கழற்றுங்கள். துளைகளுக்கு நேரே யாரும் நிற்காமல் செல்ஃப் அடித்துத் தண்ணீரைத் துப்பச் செய்யுங்கள். எஞ்சின் எண்ணெய்க் குச்சியில் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் எண்ணெயும் பில்டரும் மாற்றாமல் ஓட்டக் கூடாது. கடல் தண்ணீர் என்றால் அன்றைக்கே செய்யுங்கள், மறுநாள் வரை விட்டால் ரிங் கறள் பிடித்து ஒட்டும். காற்று பில்டர் காய்ந்திருந்து பெற்றோல் வண்டி நின்றிருந்தால் பெரும்பாலும் டிஸ்ரிபியூட்டர் நனைந்ததுதான். கழற்றித் துடைத்துக் காயவிட்டால் போகும்.

செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாச் சுத்துது, சத்தமும் வேற மாதிரி. நல்லதா கெட்டதா?

கெட்டது. உடனே நிறுத்துங்கள். கொம்பிரஷன் இல்லாத எஞ்சின்தான் தடையில்லாமல் "விர்" என்று ஒரே சீராகச் சுற்றும். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். எஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து ஒருவர் பார்த்திருக்க, மற்றவர் ஒரு செக்கன் மட்டும் செல்ஃபைத் தொடட்டும். உள்ளே வால்வைத் திறக்கும் ரொக்கர் அசையாவிட்டால் பெல்ட் போய்விட்டது. பெல்ட் உள்ள டீசல்களில் இன்ஜெக்டர் பம்பையும் அதுவே சுற்றுவதால் புகையும் வராது.

4டி56இல் பலன்ஸ் ஷாஃப்டுக்குத் தனியாக ஒரு சிறு பெல்ட் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி இரண்டையும் கொண்டுபோகும். ஆகவே மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அறுந்த பிறகு புதுப் பெல்ட் மட்டும் போட்டு ஓடவிட முடியாது. வால்வு, ரொக்கர் நிலை பார்த்தே ஆக வேண்டும்.

காத்துப் பைப்புக்குள்ள பெற்றோல் துணி காட்டினா டீசல் பிடிக்கும் எண்டுறாங்கள். செய்யலாமா?

வேண்டாம். ஹீட்டர் சூடாக இருக்கும்போது பெற்றோல் ஆவியோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ போனால் பிஸ்டன் மேலே வருமுன்பே வெடிக்கும். ரிங் உடையலாம், பைப்பால் நெருப்புத் திரும்பிக் கையிலும் முகத்திலும் அடிக்கும். அதோடு, அப்படி ஸ்டார்ட் ஆக்கியதால் பழுது எங்கே என்பதும் தெரியாமல் போகிறது. புகைச் சோதனை அந்த விடையை ஆபத்தில்லாமல் தரும்.

அப்ப ட்ரக்டரில கட்டி இழுத்தா?

செல்ஃப் மெதுவாகச் சுற்றுவதுதான் பிரச்சினை என்றால் இழுப்பது உதவும். திறப்பை ஓனில் வைத்து, ஹீட்டர் போட்டு, மூன்றாம் கியரில் மெதுவாகக் கிளச் விடுங்கள். நல்ல வேகத்தில் சுற்றியும் பிடிக்காத வண்டியை இழுப்பதால் ஒன்றும் வராது. பெல்ட் சந்தேகமோ தண்ணீர் சந்தேகமோ இருந்தால் இழுக்கவே கூடாது.

காலமை ஒரே அடியில ஸ்டார்ட். கந்தளாய் போய் நிப்பாட்டிட்டு அரை மணித்தியாலத்தால அடிச்சா இல்லை. ஆறினா திரும்ப நல்லம்.

பெற்றோல் என்றால் இரண்டு சாத்தியம். சைலன்சர் குழாய்க்குப் பக்கமாக ஓடும் பெற்றோல் குழாயில் எண்ணெய் ஆவியாகிப் பம்ப் இழுக்க முடியாமல் போவது ஒன்று. சூட்டில் கொயில் செயலிழப்பது மற்றது. ஆறவிடாமல், நின்ற அந்த நேரத்திலேயே பிளக் கரண்டைப் பாருங்கள். கரண்ட் இல்லையென்றால் கொயில் அல்லது கொண்டென்சர். இருந்தால் பம்பின்மேல் ஈரத்துணி போட்டுச் சற்றுப் பொறுங்கள். பிடித்தால் குழாயைச் சூட்டிலிருந்து விலக்கிக் கட்டினால் தீரும்.

டீசல் என்றால் நான் கவலைப்படும் இடம் இது. சுழல் வகை இன்ஜெக்டர் பம்பின் உட்பாகம் தேய்ந்தால், சூட்டில் டீசல் நீர்த்துச் செல்ஃபின் சிறிய வேகத்தில் உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும். சூட்டில் மறுக்கும் நேரம் பம்பின் தலைமேல் குளிர்ந்த ஈரத்துணியைச் சுற்றிச் சில நிமிடம் விட்டு அடியுங்கள். வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள். உடனே பிடித்தால் பம்ப்தான்.

எல்லாம் பாத்தாச்சு. பம்பைக் கழட்டிச் செய்ய அனுப்பச் சொல்லினம். அனுப்பவா?

அதுதான் வேலைகளில் அதிகம் செலவாவது. ஆகவே கான் சோதனை செய்தீர்களா, சொலனொய்ட் "டிக்" என்றதா, இன்ஜெக்டர் குழாய் நட்டை இளக்கியபோது டீசல் வரவில்லையா என்று மூன்றையும் திரும்பப் பாருங்கள். கொம்பிரஷனையும் ஒருதரம் அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்த எஞ்சினுக்குப் பம்ப் செய்து போடுவதால் ஸ்டார்ட் வராது. பின்னாளில் யாராவது பூட்டிய அலாம் இருந்தால் அதன் ரிலேயைத் தாண்டி நேரே கரண்ட் கொடுத்துப் பார்த்தீர்களா என்றும் யோசியுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, டீசல் பம்புக்கு வந்தும் வெளியே போகவில்லை என்றால், அல்லது ஈரத்துணிச் சோதனையில் பிடித்தால், அனுப்புங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பம்ப் வாங்கி மாற்றுவதைவிட உங்கள் பம்பையே பெஞ்சில் வைத்துச் சோதித்துச் செய்வது நல்லது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பம்புகள் உள்ளே வேறுவேறு அளவில் இருக்கும். கழற்றுமுன் பம்பின் விளிம்பும் எஞ்சினும் சேரும் இடத்தில் கூரான உளியால் ஒரு கோடு போட்டு விடுங்கள். டைமிங் அடையாளங்களைக் கைபேசியில் படமும் எடுங்கள். குழாய்களின் வாய்களைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடியால் அடையுங்கள், துணியால் அடைத்தால் நூல் உள்ளே போகும்.